உலக்கையும் சீமெந்து டம்பெலும்

மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலத்தைத் தொட்ட 2022 பங்குனிக் கடைசியில், ஒரே கிழமைக்குள் எங்கள் கல்லடி வீட்டில் இரண்டு பாரமான சாமான்கள் புழக்கத்துக்கு வந்தன. ஒன்று, பரணில் பழைய பாய்களுக்கு நடுவே கிடந்த உலக்கை. கரண்ட் எப்போது வரும் என்று மில்காரருக்கே தெரியாத நாட்கள். வருசப் பிறப்போ வாசலுக்கு வந்துவிட்டது. பலகாரத்துக்கு மா வேண்டும். அம்மா உலக்கையை இறக்கித் தூசி தட்டிக் கழுவி வெயிலில் சாத்தினார். மற்றது, பின்வளவில் நான் சொந்தமாக வார்த்த டம்பெல். 200 ரூபாயில் இருந்த டொலர் 360ஐ நோக்கி ஏறிக்கொண்டிருந்த காலத்தில் இரும்பு டம்பெல் வாங்குவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. இரண்டு பெயின்ற் டின், ஒரு துண்டு ஜீஐ பைப், வீடு பூசி மிஞ்சிய அரை மூடை சீமெந்து. அவ்வளவுதான் முதல்.

அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்ன மகன், சாந்து குழைச்சு ஆருக்குக் கல்லறை கட்டுறாய்?"

கைப்பிடியைப் பலப்படுத்த என்றேன். பைப் ஏன் இவ்வளவு மொத்தம் என்று கேட்டார். மொத்தமாக இருந்தால்தான் கைக்கு வேலை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சுவரில் சாத்தியிருந்த உலக்கையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அந்தப் பார்வையில்தான் இந்தக் கட்டுரை தொடங்கியது. அன்று பின்னேரம் தையல் நூலை எடுத்து உலக்கையின் இடுப்பைச் சுற்றி அளந்தேன். 16 சென்றிமீற்றர். அதாவது குறுக்களவு 5 சென்றிமீற்றருக்குச் சற்றுக் கூட, கணக்காகச் சொன்னால் இரண்டு அங்குலம். உடற்பயிற்சிக்காரர்கள் 'தடித்த பிடி' என்று தனியாகக் காசு கொடுத்து வாங்குகிற அளவு, எங்கள் குசினிப் பரணில் ஒரு தலைமுறையாகப் படுத்துக் கிடந்திருக்கிறது.

சரி, பிடி தடித்தால் என்ன ஆகிறது? பாரந்தூக்கும் போட்டிகளில் ஆண்களின் தண்டு 28 மில்லிமீற்றர், பெண்களின் தண்டு 25. உள்ளங்கைக்குள் அடங்கி, விரல் நுனிக்கு மேலே கட்டைவிரல் மடிந்து பூட்டுப்போடும் அளவு அது. பூட்டு விழுந்துவிட்டால் கை பாதி வேலையில் தப்பிவிடும். 50 மில்லிமீற்றருக்கு மேல் போகும்போது கட்டைவிரல் விரல்களை எட்டாது; பூட்டு இல்லை. விரல்கள் பாதி மடிந்த கொக்கிகளாக நிற்கின்றன. கீழே தொங்கும் பாரம் அந்தக் கொக்கிகளை நிமிர்த்தப் பார்க்கிறது. விரல் மூட்டிலிருந்து பாரம் இருக்கும் தூரமும் கூடிவிடுவதால், அதே 10 கிலோ விரலுக்கு 15 கிலோ போல உறைக்கிறது. விரலை மடக்குகிற பெரிய தசைகள் விரலுக்குள் இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். அவை முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டு வழியாக நீளும் தசைநாண்கள்தான் பொம்மலாட்டக் கயிறுபோல விரலை இழுக்கின்றன. தடித்த பிடியைத் தூக்கிய மறுநாள் விரல் நோகாமல் முன்கை நோவது அதனால்தான்.

இந்த வித்தையை மேற்கே முதலில் கண்டுகொண்டவர்கள் விஞ்ஞானிகள் அல்லர், சர்க்கஸ் பலவான்கள். பிரான்சில் அப்பொலோன் என்ற பெயரில் மேடையேறிய லூயி உனி, ரயில் சக்கரங்கள் இரண்டும் அவற்றின் அச்சுமாகச் சேர்ந்த ஒரு பாரத்தை வைத்திருந்தார். எடை 166 கிலோ. அச்சின் தடிப்பு 49 மில்லிமீற்றர். அவர் இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1930இல்தான் ஒலிம்பிக் வீரர் சார்ல்ஸ் ரிகுலோ அதைத் தோளுக்கு எடுத்துத் தலைக்கு மேல் நிறுத்தினார். அந்த எடையைவிடக் கூடத் தூக்கக்கூடிய பலர் அச்சைப் பிடிக்கமுடியாமல் திரும்பியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் தோமஸ் இஞ்ச் (1881–1963) இன்னும் குறும்புக்காரர். அவருடைய டம்பெல் 172 இறாத்தல், சுமார் 78 கிலோ. கைப்பிடி இரண்டு அங்குலமும் மூன்று அரைக்காலும். மில்லிமீற்றரில் 60 சொச்சம். முழுவதும் ஒரே வார்ப்பு என்பதால், தூக்கத் தொடங்கியதும் குண்டுகளின் கனம் கைப்பிடியைக் கைக்குள்ளேயே உருட்டிவிடும். பார்க்க 'இதென்ன பெரிய பாரம்' என்றிருக்கும். தரையை விட்டு அசையாது.

இப்போது நம்ம ஊர் ஹாட்வெயார் கடைக்கு வாருங்கள். ஒன்றரை அங்குல ஜீஐ பைப் என்று கேட்டால் தருவார்களே, அதன் வெளிக்குறுக்களவு ஒன்றரை அங்குலம் அல்ல, 48.3 மில்லிமீற்றர். இரண்டு அங்குலப் பைப்பின் வெளிக்குறுக்களவு 60.3. பெயர் ஒன்று, உண்மையான பருமன் வேறு என்பது பைப் வேலை செய்யும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் முதலாவது அப்பொலோனின் ரயில் அச்சுக்கு ஒரு மயிரிழை குறைவு, இரண்டாவது இஞ்சின் டம்பெல் பிடியேதான் என்று கண்டபோது எனக்குக் கடைக்குள் நின்று சிரிப்பு வந்துவிட்டது. உலகப் புகழ்பெற்ற இரண்டு கைப்பிடிகளையும் அடிக்கணக்கில் வெட்டி வாங்கிக்கொண்டு சைக்கிளில் கட்டி வந்தேன்.

வார்ப்பு ஒன்றும் லேசில் சரிவரவில்லை. முதல் டம்பெலுக்குக் கடற்கரை மண்ணை அள்ளிப் போட்டேன், உப்பு மண். டின்னைக் கிழித்து எடுத்த மூன்றாம் நாளே ஒரு பக்கம் பிஸ்கட்போல உதிர்ந்தது. இரண்டாவதில் பைப் சறுக்கிச் சீமெந்துக் குண்டு தனியே சுற்றத் தொடங்கியது. மூன்றாவதில்தான் புத்தி வந்து, பைப்பின் இரு முனையிலும் துளைபோட்டு நீட்டாணிகளைக் குறுக்கே செருகி, ஆற்று மண்ணும் சின்னச் சல்லியும் சேர்த்து வார்த்து, ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தி வைத்தேன். கொங்கிறீற் ஒரு லீற்றர் ஏறத்தாழ 2.4 கிலோ இருக்கும். 4 லீற்றர் டின் இரண்டும் பைப்புமாகச் சந்தைத் தராசில் 20 கிலோவுக்கு ஒரு கையளவு குறைவாக நின்றது. இப்படி ஒன்றரை அங்குலப் பைப்பில் ஒன்று, இரண்டு அங்குலத்தில் ஒன்று. பிறகு பால்மா டின்னில் 10 கிலோக் குட்டி ஒன்று.

ஒப்பிடுவதற்கு மில்லிலிருந்து 20 கிலோ இரும்புப் படிக்கல் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். அதன் மெல்லிய பிடியில் ஒரு கையால் தூக்கித் தொங்கவிட்டு நின்றால் ஒன்றரை நிமிடம் தாண்டியும் நிற்கமுடிந்தது. ஒன்றரை அங்குலப் பைப்பில் 50 செக்கன். இரண்டு அங்குலத்தில் 22. பாரம் ஒரே பாரம், கையும் ஒரே கை. 2007இல் அமெரிக்காவில் இரட்டமெஸ் என்பவரும் கூட்டாளிகளும் இதையே முறையாக அளந்து வெளியிட்டார்கள். தரையிலிருந்து தண்டை இழுத்துத் தூக்கும் பயிற்சியில், இரண்டு அங்குலத் தண்டு வந்ததும் தூக்கக்கூடிய உச்ச எடை காற்பங்குக்கு மேல் சரிந்தது. மூன்று அங்குலத்தில் பாதிக்கு மேல். ஆனால் மல்லாந்து படுத்து நெஞ்சிலிருந்து தள்ளும் பயிற்சியிலும் தோளுக்கு மேலே தள்ளும் பயிற்சியிலும் தடிப்பால் பெரிய வித்தியாசம் இல்லை. தள்ளும்போது பாரம் உள்ளங்கையில் உட்கார்ந்திருக்கிறது. இழுக்கும்போதுதான் விரலில் தொங்குகிறது.

இந்த இடத்தில்தான் உலக்கையும் டம்பெலும் பிரிகின்றன. டம்பெலின் பிடி நிலத்துக்குச் சமாந்தரம். விரல்கள் அதன் கீழே ஏணை கட்டுகின்றன. உலக்கை செங்குத்து. கீழே தாங்க ஒன்றும் கிடையாது. பக்கவாட்டில் நெரித்துப் பிடித்தால் மட்டுமே நிற்கும், நெரிப்பு தளர்ந்தால் கைக்குள் வழுகி இறங்கிவிடும். எங்கள் உலக்கை முதிரை மரத்தில் கடைந்தது, அடியில் இரும்புப் பூண், எடை 3.6 கிலோ. அந்த 3.6 கிலோவை உராய்வால் மட்டும் தாங்க, அதன் எடையைவிடக் கூடிய விசையில் நெரிக்கவேண்டும். மேலே வேகமாகத் தூக்கும்போது இன்னும் கூட. ஆக, டம்பெல் கேட்பது 'விரலைத் திறக்க விடாதே' என்பது. உலக்கை கேட்பது 'வழுக விடாதே'. இரண்டும் தடித்த பிடிதான், இரண்டு வேறு வேலை. 'கைப்பலம்' என்று ஒரே சொல்லுக்குள் இரண்டையும் போட்டுக் கட்டிவிடுகிறோம்.

அம்மா இடிப்பதைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். ஊறவைத்து வடித்த பச்சை அரிசி உரலில். வலக்கையால் உலக்கையைத் தலை உயரத்துக்குத் தூக்குகிறார். இறங்கும்போது தள்ளுவதில்லை, கூடவே இறங்குகிறார். பூண் அரிசியைத் தொடுவதற்குச் சற்று முன், ஒரு கணம், கை உலக்கையை விட்டுவிடுகிறது. முழுக்க அல்ல, விரல்கள் வளையமாகச் சுற்றியே நிற்கின்றன, நெரிப்பு மட்டும் போய்விடுகிறது. இடி உரலுக்குள் விழுகிறது, அதிர்வு கைக்கு ஏறவில்லை. உலக்கை துள்ளி எழும்பும் அந்த அரைச்சாண் தூரத்தில் இடக்கை வந்து கவ்வித் தூக்குகிறது. வலது, இடது, வலது, இடது. நடுவில் ஒருதரமும் உரலைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவோடு எரிவாயு வரிசை பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்.

நான் கேட்டு வாங்கி இடித்தேன். ஐம்பதாவது இடியில் முழங்கை நொந்தது. நூற்றைம்பதில் கட்டைவிரல் அடியில் கொப்புளம். காரணம், எனக்கு விடத் தெரியவில்லை. இரண்டு மாதமாக டம்பெலைப் பிடித்துப் பழகியிருந்த கைக்கு ஒரே ஒரு புத்திதான் தெரியும்: இறுக்கு, இன்னும் இறுக்கு. இடி விழும்போதும் இறுக்கியே பிடித்திருந்தேன். உரல் வாங்கவேண்டிய அடியை என் முழங்கை வாங்கியது. உரலுக்குள் தலையைக் கொடுத்தபின் உலக்கைக்குப் பயப்படாதே என்பார்கள். உலக்கையைப் பிடித்தவனும் பயப்படத்தான் வேண்டும் போலிருக்கிறது.

"நீ ஒலக்கய நெரிச்சுக் கொல்லுறாய். அது தானா விழும். தூக்குறது மட்டுந்தான் உன்ர வேல," என்றார் அம்மா.

நாற்பது இடிக்கு ஒரு நிமிடம் என்று அவர் கணக்கு. மூச்சு வாங்கி, மா அரித்து, கப்பியைத் திரும்பக் கொட்டி, அரைமணித்தியாலத்தில் ஆயிரம் இடி தேறியது. 3.6 கிலோவை ஆயிரம் தரம் தூக்கினால் 3,600 கிலோ. என் டம்பெல் பயிற்சியில் ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து தூக்கு, 20 கிலோ: மொத்தம் 500 கிலோ. அறுபது கடந்த ஒரு பெண் நான் தூக்கியதைப்போல ஏழு மடங்கு தூக்கிவிட்டுப் போய்ப் பிட்டு அவித்தார். இதைச் சொன்னதும் 'பார்த்தீர்களா, நம் முன்னோரின் உடற்பயிற்சி!' என்று எழும்புகிறவர்கள் இருக்கிறார்கள். கொஞ்சம் பொறுக்கவேண்டும். ஏழு மடங்கு என்பது தாக்குப்பிடிக்கும் சக்தியின் கணக்கு. உச்சப் பலத்துக்கு அது உதவாது. உலக்கையின் எடை என்றைக்கும் 3.6 கிலோ, அது வளராது. முதல் மாதத்தில் கை பழகியபின், இருபது வருடம் இடித்தாலும் கையில் கூடுதல் பலம் ஏற வழியில்லை, களைப்புதான் ஏறும். பலம் கூடவேண்டும் என்றால் பாரமோ தடிப்போ படிப்படியாகக் கூடவேண்டும். டம்பெலின் முழுச் சாமர்த்தியமும் அந்தப் படியில்தான் இருக்கிறது. 48 மில்லிமீற்றரில் ஒரு நிமிடம் நிற்க முடிந்ததும் பைப்பின்மேல் பழைய சைக்கிள் ரியூப்பை ஒரு சுற்று ஏற்றினேன், 50 ஆயிற்று. அடுத்த மாதம் இன்னொரு சுற்று. உலக்கைக்கு இந்த வசதி கிடையாது. அதற்கு அந்த அக்கறையும் கிடையாது. அதற்கு வேண்டியது மா.

மறுபக்கம், உலக்கையிடம் இருக்கிற, டம்பெலிடம் இல்லாத ஒன்று தாளம். இருவர் ஓர் உரலில் மாறிமாறி இடிக்கும்போது தாளம் பிசகினால் கை நசுங்கும். அதனால்தான் இடிப்புக்கென்றே பாட்டு இருந்தது. வள்ளைப் பாட்டு என்று பழைய இலக்கியம் அதற்குத் தனிப்பெயர் வைத்திருக்கிறது; சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையிலே கண்ணகியைப் போற்றும் இடத்தில் வள்ளைப் பாட்டும் வருகிறது. எங்கள் ஊர் வாவியின் இரு கரையிலும், கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், கண்ணகி அம்மன் கோயில்கள் வைகாசிச் சடங்குக்குத் திறக்கும் நாடு இது. சில கோயில்களில் பொங்கலுக்கான நெல்லை இன்றும் உரலில் குற்றியே எடுக்கிறார்கள். தாளத்தை நான் பண்பாட்டுப் பெருமைக்காக இங்கே இழுக்கவில்லை. இறுக்கு, விடு, இறுக்கு, விடு என்ற அந்த மாற்றம் தசைக்கு இரத்தம் ஓட இடம் கொடுக்கிறது. டம்பெலைத் தொங்கவிட்டு அசையாமல் நிற்கும்போது தசை இடைவிடாமல் இறுகி நிற்பதால் இரத்த ஓட்டம் குறுகுகிறது. இரத்த அழுத்தமும் ஏறும். பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கி நீண்ட நேரம் பிடித்து நிற்பது கூடாது என்று சொல்வது அதனால்தான்.

ஒருநாள் அம்மாவிடம் பால்மா டின் குட்டியை நீட்டினேன். 10 கிலோ, 48 மில்லிமீற்றர் பிடி. எப்படித் தூக்குவார் என்று பார்க்க ஆசை. அவர் குனிந்து, நான் எதிர்பார்த்தபடி பிடிக்காமல், டம்பெலை முதலில் ஒரு தலையில் நிமிர்த்தி வைத்தார். பிறகு நடுப்பிடியை உலக்கைபோல் செங்குத்தாகப் பற்றினார். தூக்கினார். மேல் தலை கட்டைவிரல் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றதால் வழுகவில்லை. 10 கிலோவும் சும்மா வந்தது. கையின் ஞாபகம் அது. கிடையாகப் பிடிக்கச் சொன்னேன். 18 செக்கனில் வைத்துவிட்டார். "இப்பிடித் தூக்கினா விரலெல்லாம் பிரிஞ்சு போகுது. ஆரு இப்பிடித் தூக்குவா?" என்றார். நியாயமான கேள்வி. வாழ்க்கையில் யாரும் ஒரு சாமானை இப்படித் தூக்குவதில்லை. நல்ல பிடியாகத் தேடித்தான் பிடிப்போம். கெட்ட பிடியை வேண்டுமென்றே பிடித்துக் கையைப் பழக்குவதுதான் பயிற்சி. வேலை என்பது நேர் எதிர்: அதே பலனுக்குக் குறைந்த வில்லங்கத்தைத் தேடுவது.

வாவியில் இதற்கு வேறொரு சாட்சி உண்டு. விடிய விடியத் தோணியில் நின்று வீச்சு வலை எறிபவர்களின் முன்கையைப் பார்த்தால், எந்த ஜிம்மிலும் காணாத முறுக்கு. ஆனால் அவர்கள் பிடிப்பதெல்லாம் மெல்லியது: நனைந்த நூல், ஈயமணி கோத்த ஓரம், வலை உச்சியில் கட்டிய கயிறு. விரல் நுனிக் கிள்ளுப்பிடி அது. ஆகவே 'தடித்த பிடி இல்லாமல் கைப்பலம் வராது' என்று விற்பனைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். கைப்பிடியில் பல சாதி: நெரிப்பது, தொங்கவிட்டுத் தாங்குவது, கிள்ளுவது. தடித்த டம்பெல் தாங்கும் பிடிக்கும் கட்டைவிரலுக்கும் நல்லது. கிள்ளுப்பிடிக்கு வலையே போதும். வலை இல்லாதவர்கள் சீமெந்துக் கல் ஒன்றின் ஓரத்தை விரல் நுனியால் பற்றித் தூக்கிப் பழகலாம். எங்கள் நாட்டுக் கொம்பு முறி விளையாட்டில் வடம் பிடித்து இழுப்பவர்களுக்கு இந்த மூன்றும் ஒரே பொழுதில் வேண்டும் என்பது என் ஊகம்.

கையில் பலம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, பாரம் தூக்க ஆள் வைத்தால் போயிற்று என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரின் கைப்பிடியை அளந்து, அவர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த பியூர் ஆய்வு 2015இல் லான்செற் இதழில் வந்தது. பிடிப்பலம் 5 கிலோ குறையக் குறைய மரண வாய்ப்பு 16 சதவீதம் கூடியிருந்தது. டம்பெல் தூக்கினால் ஆயுசு கூடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. முழு உடம்பும் தளர்வதைக் கை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆசிய மருத்துவர் குழு 2019இல் வகுத்த எல்லைப்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே பிடி இறங்கினால் வயதுத் தசைத்தேய்வு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். போத்தல் மூடியைத் திறந்து தரும் பேரப்பிள்ளை பக்கத்தில் இருக்கும்வரை நம் வீடுகளில் இந்தத் தேய்வு யாருக்கும் தெரியவருவதில்லை. மில் வந்தது, கிரைண்டர் வந்தது, இடியப்ப மா பக்கற்றில் வந்தது. உலக்கை போன இடத்தில் கைக்கு வேறொன்றும் வரவில்லை.

அதற்காக உலக்கைக்குத் திரும்புங்கள் என்று நான் எழுதமாட்டேன். அப்படி மேடையில் பேசுகிறவர்களில் ஆயிரம் இடி இடித்தவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. யுத்த காலத்தில், படுவான்கரைப் பக்கம் கரண்ட் இல்லாத ஊர்களில் இருந்து இடம்பெயர்ந்து வந்த பெண்கள் உலக்கையைப் பற்றிக் கதைக்கும்போது குரலில் ஏக்கம் இருக்காது. அம்மாவின் வலது கட்டைவிரல் அடிமூட்டு மாரி காலத்தில் இன்றும் வீங்கும். நோகிறது என்று உலக்கையைக் கீழே வைக்க அவருக்கு யாரும் நாள் குறித்துக் கொடுக்கவில்லை. வீட்டில் ஏழு வாய். டம்பெலோடு எனக்குள்ள உறவு அப்படியல்ல. கிழமைக்கு இரண்டு நாள், நாளுக்குக் கால்மணித்தியாலம். முழங்கை முணுமுணுத்தால் ஒரு கிழமை லீவு. பயிற்சிக்கும் பாடுபடுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த லீவுதான். தசையைவிடத் தசைநாண் மெதுவாகவே பழகும். தடித்த பிடியில் ஆசைப்பட்டுத் தினமும் தொங்கியவர்கள் முழங்கையின் உள்பக்கம் நொந்து மாதக்கணக்கில் தேநீர்க் கோப்பை தூக்கவும் பயந்ததைக் கண்டிருக்கிறேன்.

வீட்டில் தொடங்க நினைப்பவர்களுக்கு, உலக்கையும் டம்பெலும் சேர்ந்து எனக்குச் சொல்லித் தந்த முறையைச் சொல்கிறேன். கை சின்னது என்றால் 48 மில்லிமீற்றரே தடிப்புதான். இரண்டு அங்குலப் பைப்புக்கு அவசரப்படவேண்டாம். 20 செக்கன் மட்டுமட்டாகத் தொங்கவிட முடிகிற எடையில் தொடங்கி, 40 செக்கன் வந்ததும் எடையையோ தடிப்பையோ கூட்டுங்கள், இரண்டையும் ஒன்றாகக் கூட்டவேண்டாம். இது டம்பெலின் பாடம். உலக்கையின் பாடம், நான் பிற்பாடு சேர்த்துக்கொண்டது: தூக்கி நின்றபடியே இரண்டு செக்கன் முழு வலுவில் நெரி, பிறகு பாரம் கைவிட்டுப் போகாத அளவுக்கு மட்டும் தளர்த்து, திரும்ப நெரி. முதலில் பாரத்தைப் பாதியாக்கித்தான் இது வரும். மூன்று மாதத்தில் என் முழங்கை நோவு போயிற்று. இரண்டு அங்குலப் பைப்பின் 22 செக்கன் 41 ஆயிற்று. கூடவே, இப்போது இருநூறு இடி வரை கொப்புளம் இல்லாமல் இடிப்பேன். முந்நூறுக்கு அம்மா வந்து பறித்துக்கொள்வார், மா சூடேறிவிடுமாம்.

ஒரு குறை தீரவில்லை. வாவிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கிற கல்லடியில் வியர்வை ஓயாது, உப்புக்காற்றும் ஓயாது. ஜீஐ பைப் ஒரு மாரியில் துருப்பூத்தது. பெயின்ற் அடித்தேன், வியர்வையோடு சேர்ந்து சேற்று மீனாய் வழுகி, 20 கிலோ தரையில் விழுந்து ஒரு மாபிள் வெடித்தது. ரியூப் சுற்றினால் வெக்கையில் ஒட்டுகிறது. உலக்கைக்கு இந்த ஆய்க்கினை ஒன்றும் இல்லை. முதிரை மரம் வியர்வையைக் குடித்துக்கொள்கிறது. ஒரு தலைமுறைக் கைகள் தேய்த்த இடம் கண்ணாடிபோல் மினுங்கினாலும் வழுகுவதில்லை. டம்பெலுக்கு மரப்பிடி போடுவது என்று முடிவு செய்தேன். பரணில் இருந்த உலக்கையின் இடுப்பில் ஒரு சாண் வெட்டினால் அளவு கச்சிதம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"ஒலக்கய வெட்டுறதா?" அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வெளியே வந்தார். "வீட்டுக்கு ஆகாது. போய் வேற மரம் பார்."

புதிய பாலத்துக்கு அப்பால் ஒரு தச்சுப்பட்டறை. முதிரைத் துண்டு, சுற்றளவு 16 சென்றிமீற்றர், நடுவில் துளை போட்டு உள்ளே இரும்புக் கம்பி நுழையவேண்டும் என்றேன். அளவு நூலை வாங்கித் தன் கட்டைவிரலில் சுற்றிப் பார்த்தார் தச்சர். உலக்கைதானே, நாலரை அடி வருமா என்று கேட்டார். ஒரு சாண் போதும் என்றேன்.

"ஒரு சாண் ஒலக்கயா?" என்றவர், கேள்வியை முடிக்காமலே மரத்தைக் கடைசலில் ஏற்றினார்.